சுரேஷ் என்று நம் தெருவில் யாரும் இல்லை

பிரபு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூர் ரயில் ஏறும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் ஏறினாய். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்பாய். அந்த அப்புறம் எப்போது வந்திருக்கிறது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவைப்பேன். கார்த்தி, தினேஷ், நீ மூன்று பேரும் சேர்ந்து பேசிச் சிரிக்கிற குழுவில் அதைப் போட்டுக்கொள். ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன் அப்பா, "கல்யாணத்துக்கு நாள் நெருங்கிடுச்சு, இப்போ இன்னாத்துக்கு இதெல்லாம், விடேன்" என்கிறார். அவருக்கு உலகத்தில் எல்லாமே விட்டுவிடக் கூடியதுதான். என்னால் விட முடியவில்லை.

ஞாயிறு மதியம் கூடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை விரித்துக் காட்டினாயே, அதில்தான் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு நண்பர்கள் பேனர் வைப்பது இப்போது நம் பக்கத்தில் தாலிக்கு அடுத்த சடங்காகிவிட்டது. வைத்துவிட்டுப் போங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. நீங்கள் நாலு பேரும் காரில் லடாக் வரை போய்வந்த படத்தைப் பெரிதாக அடித்திருந்தீர்கள். பின்னால் பனிமலை, முன்னால் கார், காருக்கு முன்னால் கருப்புக் கண்ணாடி போட்ட நாலு துரைகள். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு பட்டப்பெயர். கார்த்திக்கு 'டீசல் கார்த்தி', தினேஷுக்கு 'தூங்குமூஞ்சி தினேஷ்'. அதுவரைக்கும் நானும் சிரித்தேன். நாலாவது ஆள், நம் தெரு இம்தியாஸ் முகத்துக்குக் கீழே 'சுரேஷ்' என்று போட்டிருந்தது. "யாருடா இந்த சுரேஷ்? கடைக்காரன் தப்பா அடிச்சிட்டானா?" என்று கேட்டேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அது ஒரு பெரிய காமெடிம்மா, உக்காரு சொல்றேன்" என்றாய். உட்கார்ந்தேன்.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சிரிப்பில்லாமல் கேட்டால் எப்படி இருக்கிறது என்று பார். மலை ஏறுவதற்கு முன்னால் ஏதோ ஓர் ஊரில் லாட்ஜுக்குப் போனீர்கள். அங்கே இருந்த ஆள் நாலு பேருடைய ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்தான். இம்தியாஸுடையதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, ரூம் காலி இல்லை என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து லாட்ஜிலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் உங்கள் மூளை வேலை செய்தது. மூன்று கார்டை மட்டும் நீட்டி, நாலாவது ஆளின் பர்ஸ் தொலைந்துவிட்டது, அவன் பெயர் சுரேஷ் என்றீர்கள். ரூம் கிடைத்தது. அதோடு விட்டீர்களா? கார்த்தி காரில் இருந்த பிள்ளையார் குங்குமத்தை எடுத்து, "ஒரு சேஃப்டிக்கு இருக்கட்டும் மச்சான்" என்று அவன் நெற்றியில் இழுத்துவிட்டான். அதற்குப் பிறகு டீக்கடையில் சுரேஷ், சாப்பாட்டுக் கடையில் சுரேஷ், மலை மேலேயும் சுரேஷ், இறங்கி வரும்போதும் சுரேஷ். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது, பள்ளிவாசல் இருந்த தெருவழியாகவே போயும் அவன் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, "சுரேஷ் எப்படிம்மா தொழப் போவான்?" என்று சொல்லி நீ மறுபடியும் சிரித்தாய்.  அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அங்கேயே நின்றிருந்தால் நாளைக்குத் தாலி கட்டப்போகிறவன் என்றும் பார்க்காமல் அறைந்திருப்பேன்.

லாட்ஜ்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அவன் நான் பெற்ற பிள்ளை இல்லை. அவனுக்கு நான் சோறு ஊட்டி வளர்க்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரையும் சேர்த்துத் திட்டவும் எனக்கு வாய் வராது. பஞ்சர் ஆகி நடுரோட்டில் நின்றபோது தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நாலு பேருக்கும் ரொட்டி போட்டு, பேரைக்கூடக் கேட்காமல் அனுப்பினார் என்று நீதான் சொன்னாய். என் கோபம் முழுக்க உன் மேல்தான். வாசலில் நின்ற ஒருவன் உன் தோழனை வேண்டாம் என்றான், அது அவனுடைய கேவலம். நீ உள்ளே போய்ப் படுப்பதற்காகத் தோழனின் பேரை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போனாய், அது உன்னுடையது.

நீங்கள் கிளம்பின காலையை நினைத்துப் பார். நான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். டப்பா நிறையப் புளிசாதம் கட்டினேன். மகன் இம்தியாஸை வழியனுப்ப நூரக்கா வந்தாள். நானும் அவளும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லைனில் வேலை செய்தவர்கள் என்பது கார்த்திக்கும் தினேஷுக்கும் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். அவள் மேல்தோலைத் தைப்பாள், அவள் தைத்ததை நான் சரிபார்ப்பேன். அவள் கை தைத்ததை நான் திருப்பி அனுப்பினதே இல்லை. அன்றைக்கு அவள் பச்சைத் துணியில் காசு முடிந்து கொண்டுவந்தாள். தூரப் பயணம் போகிறவர்களுக்கு அவர்கள் வீட்டில் கட்டிவிடுகிற இமாம் ஜாமின். பத்திரமாகத் திரும்பி வந்ததும் அவிழ்த்து, அந்தக் காசை ஓர் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். மகனுக்கு மட்டும் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் நாலு பேர் புஜத்திலும் கட்டினாள். தினேஷ், இம்தியாஸ் தன் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரியே, "எனக்கும் கட்டலாமா அம்மி?" என்று கூச்சப்பட்டபோது, "ஏன், உன்ன லாரிக்காரன் பாத்துப் பாத்து ஓரமா போவானா? நீட்டுடா கைய" என்றாள். நாலு பச்சை முடிச்சோடு நாலு பேரும் கிளம்பினீர்கள். நான் அன்றைக்கு நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு, நீ அந்தப் பயணத்தில் எனக்கு அனுப்பிய படங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் வேலையே பழுது பார்ப்பதுதானே. முதல் தடவை பார்த்தபோது மலையையும் ஆற்றையும் பார்த்தேன், இந்தத் தடவை கைகளைப் பார்த்தேன். நாக்பூரில் ஆரஞ்சுப்பழம் உரிக்கிற படத்தில் நாலு கையிலும் பச்சை முடிச்சு இருக்கிறது. ரொட்டிக்காரப் பெரியவரோடு எடுத்த படத்திலும் இருக்கிறது. அதற்கு அடுத்த படத்தில் இம்தியாஸ் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. ஒருத்தர் கையிலும் முடிச்சு இல்லை. அவன் கையிலிருந்ததை நீங்கள் அவிழ்க்கச் சொல்லியிருப்பீர்கள், அது எனக்குப் புரிகிறது. உன் கையில் இருந்ததை யாருக்குப் பயந்து அவிழ்த்தாய்? உன் கார்டில்தான் பிரபு என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே. பிரபு புஜத்தில் பச்சைத் துணி கட்டியிருந்தால் அந்த லாட்ஜ்காரன் என்ன, பிடித்துத் தின்றுவிடுவானா?

"அவனே சிரிச்சான்மா, அவனே ஓகேன்னான்" என்றாய். சிரிக்காமல் என்ன செய்வான்? ஊரை விட்டு எத்தனையோ தூரம். வழி முழுக்க ஸ்டியரிங் அவன் கையில்தான் இருந்தது, வளைவில் உங்களுக்கெல்லாம் கை நடுங்குகிறது என்று நீயே சொன்னாய். ஓட்டி ஓட்டிக் களைத்துப்போய் நிற்கிறான். மூன்று பேர் சுற்றி நின்று, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சான்" என்கிறீர்கள். அவன் முடியாது என்று சொல்லியிருந்தால் உங்கள் பயணத்தைக் கெடுத்தவன் ஆகியிருப்பான். அதனால் சிரித்தான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். எலி சிரித்தது என்று பூனை வந்து சாட்சி சொல்கிறது! நான் கேட்கிறேன், நாலு பேரும் அந்தக் காரிலேயே படுத்திருக்கக் கூடாதா? இடுப்பு பிடித்திருக்கும், குளிர் அடித்திருக்கும். வீட்டுக்கு வந்து, "எங்களுக்கு ரூம் தரலம்மா, நாலு பேரும் வண்டியிலயே சுருண்டு கிடந்தோம்" என்று சொல்லியிருந்தால், நான் அந்தக் காருக்கு மாலை போட்டிருப்பேன். 'எங்களுக்கு' என்று சொல்ல உனக்கு வரவில்லை. உனக்கு ரூம் இருந்தது, அவனுக்குத்தான் இல்லை என்று நீயும் அந்த லாட்ஜ்காரனோடு ஒத்துக்கொண்டாய்.

"பேருதானம்மா, ஆளு அதே ஆளுதானே" என்றும் சொன்னாய். படித்த வாய் எப்படியெல்லாம் பேசுகிறது! நாங்கள் நாள் முழுக்க இடுப்பொடியத் தைத்து அனுப்புகிற ஷூவில் எந்த நாட்டுக்காரன் பேரையோ அடிக்கிறார்கள். நானே என் கையால் அதைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிறேன். அது தோல். அதற்கு வலிக்காது. இம்தியாஸ் என்பது இவன் தாத்தா இவன் காதில் ஓதி வைத்த பேர். நம் தெருவில் நீ முதலில் சொல்லக் கற்ற வெளியாள் பேரும் அதுதான், 'இம்த்தி, இம்த்தி' என்று மழலையில் கத்திக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நிற்பாய்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. உன் அப்பாவை பைபாஸில் லாரி இடித்துப்போட்டு, நான் வேலூர் ஆஸ்பத்திரியில் அவரோடு கிடந்தேனே, அப்போது நீ மூன்றாம் வகுப்பு. உன்னை நூரக்கா வீட்டில்தான் விட்டுவிட்டுப் போனேன். நான் திரும்பி வரும்வரை அவள் வீட்டு அடுப்பில் மாட்டுக்கறி ஏறவில்லை. அது எனக்கு அவள் மாமியார் சொல்லித்தான் பிறகு தெரியும். நூரக்காவிடம் கேட்டபோது, "உன் புள்ள இருக்கான்ல, அவன் வீட்டுப் பழக்கம் கெடக் கூடாதுன்னு வுட்டுட்டேன், அது ஒரு பேச்சா?" என்று மெஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அந்த நாட்களில் பேரணாம்பட்டில் அவர்கள் உறவில் ஒரு நிக்காஹ். உன்னை யாரிடமும் விட்டுப்போக மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் உன்னைக் காட்டி யார் இந்தப் பையன், யார் வீடு என்று கேட்டிருக்கிறார். பர்வேஸ் என்றோ ஃபைரோஸ் என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அத்தனை உறவுக்கு நடுவில் அவள், "பேரு பிரபு. எங்க தெருப் புள்ள. என் தங்கச்சி மகன்" என்றாள். இதை எனக்குச் சொன்னது அவள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த நீதான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னாய். "அம்மி என் பேர சத்தமா சொன்னாங்கம்மா, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க" என்றாய். அவ்வளவு பெருமை உன் முகத்தில். அந்த முகத்தை இப்போது தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் மாப்பிள்ளை அழைப்புக் காரை இம்தியாஸ்தான் ஓட்டுவான் என்பது நீங்கள் சைக்கிள் ஓட்டிய காலத்துப் பேச்சு. நீங்கள் பயணத்திலிருந்து வந்த பிறகு அவன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. முன்பெல்லாம் பின்கதவு வழியாக நுழைந்து, "இன்னா கொழம்பு ஆன்ட்டி?" என்று சட்டியைத் திறந்து பார்க்கிறவன். இரண்டு வாரத்துக்கு முன்னால் பஜாரில் பார்த்தேன். ட்ரிப் எப்படிடா இருந்தது என்று கேட்டதற்கு, "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. குளிர்தான் ஜாஸ்தி" என்றான். அவ்வளவுதான். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "கல்யாணத்தன்னிக்கு எங்க கம்பெனில ஷிப்மென்ட் இருக்கு ஆன்ட்டி. வர முடியுமான்னு தெரியல. வண்டிக்கு வேற ஆளு பாத்துக்கச் சொல்லுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூடப் பொறந்தவன் கல்யாணத்தவிட ஷிப்மென்ட் பெருசாடா உனக்கு?" என்று நடு பஜாரில் அவனைப் பிடித்து ஏசினேன்.  அவன் நீ செய்ததைச் சொல்லியிருக்கலாம், ஒரு நொடியில் என் வாய் அடைத்துப்போயிருக்கும். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனான். அவனை ஏசின என் நாக்கை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானே கடித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் உன்னால் வந்தது.

நூரக்காவுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. நேற்று தண்ணீர்க் குழாயடியில் பார்த்தபோது, "பிரபு அந்தக் காச யாருக்குக் குடுத்தான்? கேட்டுச் சொல்லு. இம்தியாஸக் கேட்டா மூஞ்ச திருப்பிக்கிறான்" என்றாள். நான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்று வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் முகம் பார்க்காமல் பேசினது அதுதான் முதல் தடவை. அந்தக் காசு எங்கே பிரபு? லாட்ஜ் குப்பைக்கூடையிலா, காரில் சீட்டுக்கு அடியிலா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவளிடம் நீயே சொல். பொய் மட்டும் சொல்லாதே, அவள் உன் முகத்தைத் தன் மகன் முகத்தைவிட நன்றாகப் படிப்பாள்.

பேனரைத் தேடாதே. ஒழுகுகிற குளியலறைக் கூரை மேல் குப்புறப் போட்டுக் கல் வைத்துவிட்டேன். பனிமலையும் நீங்களும் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறீர்கள். அதற்கு முன்னால் கம்பெனிக் கத்தரியால் இம்தியாஸ் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து பீரோவில் வைத்தேன். கீழே இருந்த பேரைச் சேர்த்து வெட்டவில்லை. நினைத்துப் பார், அது தெருமுனையில் தொங்கியிருக்கும். நூரக்கா பால் வாங்கப் போகும்போது அண்ணாந்து பார்த்திருப்பாள். தன் மகன் முகத்தையும், அதன் கீழே இருக்கிற பேரையும் எழுத்துக் கூட்டிப் படித்திருப்பாள். உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு பிரியாணிக்குப் போயிருப்பார்கள்.

உனக்கு மனைவியாக வருகிற பெண்ணை நினைத்துத்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக்கு அவளை யாராவது ஒருவன் ஏதாவது ஒரு வாசலில் வேண்டாம் என்பான். சொந்தக்காரனாக இருக்கலாம், உன் ஆபீஸ்காரனாக இருக்கலாம். அவளிடமும், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாயா? அவளும் சிரிப்பாள். அவளே ஓகே சொன்னாள் என்று என்னிடம் வந்து சொல்வாய். கூட வந்தவர்களுக்கு இடமில்லாத வீட்டில் நீயும் நுழையாதே. இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை. இதைக்கூட நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பதுதான் என் ஆத்திரம்.

சனிக்கிழமை ரயிலில் வா. நேராக நம் வீட்டுக்கு வராதே, நான் கதவைத் திறக்க மாட்டேன். பை தோளில் இருக்கும்போதே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போ. இனிப்பு வாங்கிப் போகாதே. கார்த்தியைத் துணைக்குக் கூட்டிப் போகாதே. 'மச்சான், வெளிய வா' என்று போனில் மெசேஜ் போடாதே. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவர்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, நடுத்தெருவில் நின்று எப்படிக் கத்துவாயோ, அப்படி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கதவு திறக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிடு. அவன் வந்து நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள், நீ சிரிக்காதே. அவன் வரவே இல்லை என்றால், உன் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கிடையாது, மண்டபத்துக்கு நடந்து போ.

நம் மாடியிலிருந்து அவர்கள் வாசல் தெரியும். துணி காயப்போடுகிற சாக்கில் நான் அங்கேதான் நிற்பேன். அவன் பேர் எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா